தேயிலை மலையில் பயிற்சி விமானம் விழுந்தால்: உதவி வந்து சேரும்வரை நம் வேலை

மலைநாட்டில் ஒரு விமானம் விழுந்தால் முதலில் அங்கே போய் நிற்பது விமானப்படையும் இல்லை, பொலிஸும் இல்லை. பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள்தான். ரோட்டிலிருந்து டிவிஷனுக்கு (தோட்டத்தின் ஒரு பிரிவுக்கு) ஏறி, அங்கிருந்து கான் (தண்ணீர் ஓடும் வாய்க்கால்) ஓரமாக நடந்து ஒரு வெளியாள் வந்து சேருவதற்குள் ஒரு மணி நேரம்கூடப் போய்விடும். அந்த நேரம் முழுக்க நம் கையில். உள்ளே இருப்பவர் பிழைப்பதும், விமானம் ஏன் விழுந்தது என்று பிறகு கண்டுபிடிப்பதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் முதலுதவிக் குழு நடத்துகிறேன். கொழுந்து எடுக்கும் அக்காமார், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்யும் அண்ணன்மார், ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். என் அக்காவின் மகன் ரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகுகிறான். லீவில் வந்தபோது எங்கள் குழுவுக்காக ஒரு சிஆர் கொப்பியில் விமானத்தின் முன்பக்கத்தைப் படம் போட்டு, எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்று எழுதிக் கொடுத்தான். கீழே சொல்வதில் பாதி அவன் சொன்னது. மீதி, மலையில் அடிபட்டவர்களைத் தூக்கிப் பழகியதில் வந்தது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு வந்த மார்ட்டின்எயர் விமானம் நோர்ட்டன்பிரிட்ஜ் பக்கம் ஏழு கன்னிமலையில் மோதி 191 பேரும் இறந்துபோனார்கள். 2020 ஜனவரி 3ஆம் திகதி வீரவிலவிலிருந்து கிளம்பிய விமானப்படையின் வை-12 அப்புத்தளையில் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். இந்த இரண்டும் பயிற்சிப் பறப்பு இல்லை. பயிற்சி விமானங்கள் விழுந்தது கீழ்நாட்டில்: 2020 டிசம்பரில் கந்தளாய்ப் பக்கம் ஒரு பிடி-6, 2023 ஆகஸ்டில் திருகோணமலை சீனக்குடாவில் இன்னொன்று, 2025 மார்ச்சில் வாரியபொலவில் ஒரு கே-8. வாரியபொலவில் இரண்டு பேரும் பாரசூட்டில் குதித்துத் தப்பினார்கள். மற்ற இரண்டிலும் உயிர் போனது. மலைக்கு மேலேயும் சின்ன விமானங்கள் பறக்கத்தான் செய்கின்றன. நாம் தயாராக இருக்க அது போதும்.

முதல் போன்

விழுந்த சத்தம் கேட்டதும் எல்லாரும் ஒரே பக்கம் ஓடுவார்கள். ஒருவரை மட்டும் பிடித்து நிறுத்தி, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு அனுப்புங்கள். எந்தப் பாறையில் ஏறினால் டவர் பிடிக்கும் என்று ஒவ்வொரு டிவிஷனிலும் பிள்ளைகளுக்குத் தெரியும்.

119 பொலிஸ். 1990 சுவசெரிய அம்புலன்ஸ், அதற்குக் காசு இல்லை. 110 தீயணைப்பு, 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். முதலில் 119, உடனே 1990. மற்ற இரண்டையும் இன்னொருவர் எடுக்கட்டும்.

தோட்டத்தின் பெயரைச் சொல்லும்போது கவனம். நாம் வழக்கமாகச் சொல்லும் தமிழ்ப் பெயர் கொழும்பில் போன் எடுப்பவருக்குத் தெரியாது. கொம்பனிப் பதிவில் உள்ள தோட்டப் பெயரைச் சொல்லி, டிவிஷன், மலை நம்பர், கிட்ட உள்ள சந்தி, அம்புலன்ஸ் எதுவரை வரலாம் என்று வரிசையாகச் சொல்லுங்கள். ஸ்மார்ட் போன் இருந்தால் மெப்பில் நிற்கும் இடத்தை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். அதை வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: சின்ன விமானமா பெரிய விமானமா, எரிகிறதா, உள்ளே எத்தனை பேர் தெரிகிறார்கள். பயிற்சி விமானம் என்றால் அநேகமாக இரண்டு பேர், பழகுபவரும் பழக்குபவரும். இரண்டாவது ஆள் தூக்கியெறியப்பட்டுத் தேயிலைக்குள் விழுந்து கிடக்கலாம். ஒருவரைக் கண்டதும் தேடுவதை நிறுத்திவிடாதீர்கள்.

கிட்டப் போவது எப்படி

கீழேயிருந்து ஏறிப் போகாதீர்கள். ரத்மலானையில் பழகும் சின்ன விமானங்களில் பெற்றோல் மாதிரியான எண்ணெய்தான் இருக்கிறது. செஸ்னா 152 என்கிற இரண்டு ஆள் விமானத்தில் தாங்கி நிறைய அடித்தால் நூறு லீற்றருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். இறக்கை உடைந்தால் அது கானில் இறங்கி ஓடும். அதன் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். கானுக்குள் நிற்கும் ஒருவர் பீடி பற்ற வைத்தால் போதும். நேர் மேலேயிருந்து இறங்குவதும் ஆபத்து, நெருப்பு மலையில் மேல் நோக்கித்தான் ஓடும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக, மலையின் குறுக்கே நடந்து போங்கள்.

மூக்கில் பெற்றோல் வாடை அடித்தால் உடனே எல்லாரையும் தள்ளி நிறுத்துங்கள். வத்திப்பெட்டி, லைட்டர், சிகரெட் எதுவும் வேண்டாம். போனையும் தூரத்தில் இருப்பவரே வைத்துக்கொள்ளட்டும். எரியும் எண்ணெயில் வாளித் தண்ணீரை ஊற்றாதீர்கள், எண்ணெய் தண்ணீரின் மேல் மிதந்து நெருப்பை இன்னும் பரப்பும். ஸ்டோரில் இருக்கும் பவுடர் தீயணைப்புச் சிலிண்டரை எடுத்துவரச் சொல்லி, நெருப்பின் அடியைப் பார்த்து அடியுங்கள். அது வரும்வரை மண்ணை அள்ளிப் போடலாம். விமானம் முழுக்கப் பற்றிவிட்டால் கிட்டப் போகவே வேண்டாம். உள்ளே ஆள் இருக்கிறார் என்று தெரிந்து நிற்பது மிகவும் கொடுமை, ஆனால் காப்பாற்றப் போனவரும் எரிந்தால் அங்கே இன்னொரு உடல்தான் மிஞ்சும்.

குளவியைப் பற்றி நகரத்தில் எழுதிய எந்தக் கைநூலிலும் பார்த்ததில்லை. நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டர்பன்டைன் மரத்தையோ பெரிய மரத்தையோ முறித்துக்கொண்டு விமானம் விழுந்திருந்தால் கூடு கலைந்திருக்கும். மேலே நிமிர்ந்து பார்க்காமல் யாரும் மரத்தடிக்குப் போகக்கூடாது. கலைந்திருந்தால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இரண்டு பேர் மட்டும் போங்கள், மற்றவர்கள் தூரத்தில் நிற்கட்டும். பிறகு ஹெலிகொப்டர் வந்தால் அதன் காற்றும் கூட்டைக் கலைக்கும். வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

தொடக்கூடாதவை

முன்னால் இருக்கும் காற்றாடியைத் தொடாதீர்கள். நின்றுபோயிருந்தாலும் தொடாதீர்கள். இந்தச் சின்ன இயந்திரங்களுக்குப் பற்றவைக்கும் மின்சாரம் பற்றரியிலிருந்து வருவதில்லை, இயந்திரம் சுற்றும்போது அதுவே உண்டாக்கிக்கொள்கிறது. கையால் கொஞ்சம் திருப்பினாலே ஒருமுறை உதைத்துச் சுற்றிவிடலாம். ஒரு கையை எடுக்க அந்த ஒரு சுற்றுப் போதும்.

விமானப்படையின் ஜெட் என்றால் பக்கத்திலேயே போகாதீர்கள், உயிர் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் தவிர. கே-8 மாதிரி விமானங்களில் ஆசனத்துக்கு அடியில் ரொக்கெட் இருக்கிறது, ஆளைத் தூக்கி வெளியே எறிவதற்கு. விழுந்த பிறகும் அது வெடிக்காமல் இருக்கலாம். மஞ்சளும் கறுப்பும் வரிபோட்ட கைப்பிடி எதையும் இழுக்க வேண்டாம். சிவப்பு முக்கோண அடையாளம் இருக்கும் இடத்தில் கை வைக்க வேண்டாம். ஆள் ஏற்கெனவே குதித்திருந்தால், பாரசூட் எந்தப் பக்கம் இறங்கியது என்று பார்த்தவரை அந்தப் பக்கம் அனுப்புங்கள். மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் கயிற்றை வெட்டி விழவிடாதீர்கள். கீழே தாங்க ஆட்களை நிறுத்திவிட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும்.

சில விமானங்களின் வால்பக்கத்துக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அது செய்மதிக்கு இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. விளக்கு மின்னினால் மின்னட்டும்.

உள்ளே இருப்பவர்

எங்கள் குழுவில் நான் அடிக்கடி திருப்பிச் சொல்வது அக்கா மகன் சொன்ன இந்த வார்த்தையைத்தான்: "சித்தி, எங்கள இழுத்து வெளிய போடுறதுதான் உதவின்னு நெனைக்காதீங்க. நெருப்பு இல்லேன்னா அப்படியே உக்கார வச்சிருங்க."

சின்ன விமானம் வயிற்றால் வந்து இடிக்கும்போது அந்த அடி ஆசனம் வழியாக நேராக முதுகெலும்புக்கு ஏறும். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே எலும்பு நொறுங்கியிருக்கும், வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. ஆள் பேசுவார், "எனக்கு ஒன்றும் இல்லை" என்றுகூடச் சொல்வார். அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினால், நடக்க முடிந்திருக்கும் ஒரு பிள்ளை வாழ்நாள் முழுக்க நடக்காமல் போகலாம். ஆகவே நெருப்பும் இல்லை, எண்ணெயும் ஒழுகவில்லை, விமானம் சரியவும் இல்லை என்றால் அவரை ஆசனத்திலேயே வைத்திருங்கள். ஒருவர் பின்பக்கமிருந்து இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். பெல்ட்டைக் கழற்ற வேண்டாம், அதுதான் உடம்பைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

நெருப்பு வந்தால் இந்தக் கணக்கெல்லாம் இல்லை. பெல்ட்டை வெட்டி, உடையின் தோள்பகுதியைப் பிடித்து, முதுகு வளையாதபடி நேராக இழுத்து எடுங்கள்.

செஸ்னா மாதிரி விமானமாக இருந்து, கை எட்டினால் மூன்று காரியம் செய்யலாம். இடதுபக்க ஆசனத்துக்கு முன்னால் கீழே சிவப்பு மாஸ்டர் சுவிட்ச் இருக்கும், பக்கத்திலேயே சாவி. இரண்டையும் நிறுத்த வேண்டும். நடுவில் உள்ள சிவப்புக் குமிழை முழுவதும் வெளியே இழுத்தால் இயந்திரத்துக்குப் போகும் எண்ணெய் நிற்கும். இரண்டு ஆசனத்துக்கும் நடுவில் தரையில் எண்ணெய் அடைக்கும் பிடி இருக்கிறது. தொடுவதற்கு முன்னால் அவை எந்த நிலையில் இருந்தன என்று உரக்கச் சொல்லுங்கள், தூரத்தில் நிற்கும் ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து முழுப் பலத்தோடு அழுத்துங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். எண்ணெயில் நனைந்த உடையை வெட்டி அகற்றுங்கள், நெருப்பே இல்லாவிட்டாலும் அது தோலை அரித்துவிடும். தீப்பட்ட இடத்தில் பீலித் தண்ணீரை இருபது நிமிடம் விடுங்கள். பற்பசை, தேங்காயெண்ணெய், கோழிமுட்டை எதுவும் வேண்டாம். தண்ணீர் கேட்டாலும் குடிக்கக் கொடுக்காதீர்கள், சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வரலாம். உதட்டை மட்டும் நனையுங்கள். அப்புறம் பேசிக்கொண்டே இருங்கள். பெயர் கேளுங்கள், ஊர் கேளுங்கள். சிங்களம் தெரிந்தவர் இருந்தால் அவரை முன்னால் விடுங்கள். பழகுகிற பிள்ளைக்குப் பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும்.

தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், லயத்துக் கதவு ஒன்றைக் கழற்றிக்கொண்டு வாருங்கள். முதுகு அடிபட்டவருக்கு அதைவிட நல்ல பலகை தோட்டத்தில் கிடைக்காது. கதவு கிடைக்காவிட்டால் உரச்சாக்கின் அடி மூலைகளை வெட்டி இரண்டு மூங்கிலை உள்ளே விடலாம். மட்டக்கம்பு (கொழுந்து எடுக்கும்போது மட்டம் பார்க்கும் குச்சி) தாங்காது, முயற்சிக்க வேண்டாம். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சீலை நடுவில் தொங்கும், அதில் முதுகு வளையும், அதனால் அதைப் போர்த்த மட்டும் எடுங்கள். இறக்கத்தில் போகும்போது கால் முன்னால், ஏற்றத்தில் தலை முன்னால். ஆறு பேர் தூக்க, இன்னும் ஆறு பேர் மாற்றுக்கு வர வேண்டும். தேயிலை வரிசைக்கு நடுவில் ஒற்றையடிப் பாதையில் யாருக்கும் கை சீக்கிரம் சோர்ந்துவிடும்.

ஹெலிகொப்டர் வருகிறது என்றால் விளையாட்டு மைதானத்தைக் காலி செய்யுங்கள். தகரம், பொலித்தீன், காயப்போட்ட துணி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சரிவான இடத்தில் இறங்கியிருந்தால் மேட்டுப் பக்கமாகப் போகவே கூடாது, அந்தப் பக்கம் விசிறி தலையைத் தொடும் உயரத்தில் சுற்றும். பள்ளப் பக்கமாக, ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியும்படி, அவர் கை காட்டிய பிறகு, குனிந்து போங்கள். வால்பக்கம் யாருக்கும் இடமில்லை.

கண்டதைக் காப்பாற்றுவது

அடிபட்டவர்கள் போன பிறகு நம் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். எனக்கு இதுவும் அவ்வளவு முக்கியம்.

விமான விபத்தை விசாரிப்பது இன்னொரு விபத்து நடக்காமல் தடுக்கத்தான், யாரையும் குற்றவாளி ஆக்க இல்லை என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆவது இணைப்பு சொல்கிறது. இலங்கையும் அந்த அமைப்பில் இருக்கிறது. விமானப்படை விமானம் என்றால் படையே விசாரணைக் குழு அமைக்கும். யார் வந்தாலும், சின்னப் பயிற்சி விமானங்களில் பெரும்பாலும் கறுப்புப் பெட்டி இருக்காது. உடைந்து கிடப்பதும், நம் கண்ணும் காதும்தான் அவர்களுக்குச் சாட்சி.

ஒரு ஆணியைக்கூட எடுக்காதீர்கள். தகரம் விலைபோகும் என்று யாராவது எடுத்துப் போனால், இயந்திரம் ஏன் நின்றது என்று சொல்ல இருந்த துண்டு அதுவாகவே இருக்கலாம். மணிக்கூடு மாதிரி இருக்கும் கருவிகளில் முள் இடித்த தடம் முகப்பில் பதிந்திருக்கும், அந்த நொடியில் வேகம் எவ்வளவு என்று அதிலிருந்து படிப்பார்கள். சின்ன பல்பின் உள்ளே இருக்கும் கம்பி நீண்டிருந்தால், இடிக்கும்போது அது எரிந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதிவைக்கச் சொன்னதும் இதற்காகத்தான். காப்பாற்றுவதற்காக நீங்கள் நிறுத்தியதை, அவர்கள் விமானி நிறுத்தியதாக எடுத்துக்கொண்டால் கதையே மாறிவிடும். இறந்தவரை அசைக்காமல் போர்த்துங்கள். சுற்றிக் கயிறு கட்டி, பொலிஸ் வரும்வரை இரண்டு பேரை நிறுத்துங்கள். உள்ளே போய் வந்தவர்களின் பெயரை எழுதுங்கள்.

பார்த்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தனித்தனியே சொல்ல, ஒருவர் எழுதட்டும். பேசத் தொடங்கினால் உரக்கச் சொல்பவரின் கதையே எல்லாருடைய கதையும் ஆகிவிடும். பிள்ளைகளை முதலில் கேளுங்கள், அவர்கள் பார்த்ததை மட்டும்தான் சொல்வார்கள்.

மிக முக்கியம் சத்தம். கடைசிவரை ஒரே சீராகக் கேட்டதா, விக்கி விக்கி நின்றதா, உச்சத்தில் அலறியதா, சத்தமே இல்லாமல் வந்ததா? விக்கியிருந்தால் எண்ணெய்க் கோளாறாக இருக்கலாம், அல்லது காபரேட்டரில் பனிக்கட்டி கட்டியிருக்கலாம். நம்மூர் மாதிரி ஈரக் காற்றில், வெளியே குளிரே தெரியாத நாளில்கூட அது கட்டும். முழுச் சத்தத்தோடு நேராக வந்து இடித்திருந்தால் மேகத்துக்குள் மலையைப் பார்க்கவில்லை என்று யோசிப்பார்கள். மலை இடுக்கில் திரும்பும்போது ஒரு இறக்கை சாய்ந்து, சுற்றிக்கொண்டு விழுந்தது என்றால் அது வேறு. முன்னால் மலை உயர்ந்துகொண்டே போகும், சின்ன இயந்திரம் அந்த அளவுக்கு ஏற முடியாது, காற்றும் மேலே மெல்லியது. திரும்ப இடம் இல்லாமல் இறுக்கித் திருப்பும்போது இறக்கை காற்றைப் பிடிக்காமல் விட்டுவிடும். பழகுபவர்கள் மலையில் சிக்குவது அதிகமும் இப்படித்தான் என்று அக்கா மகனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மத்தியானத்துக்குப் பிறகு மேகம் மூடுவதை நாம் தினமும் பார்க்கிறோம், அவர்களுக்கு அது புதிது.

நேரத்தை ஸ்டோர் சங்கு, ஸ்கூல் மணி, கொழுந்து நிறுத்த நேரம் என்று எதனோடாவது சேர்த்துச் சொல்லுங்கள். மேகம் எந்த மரம்வரை இறங்கியிருந்தது? விமானம் மலை உச்சிக்கு மேலே போனதா, கீழேயா? விழுமுன் புகை வந்ததா? ஏதாவது துண்டு முன்னாலேயே கழன்று விழுந்ததா? தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

போனில் படம் எடுத்திருந்தால் அந்த போனிலேயே அழிக்காமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி நேர விவரமும் போய்விடும். அதோடு, அடிபட்டவரின் தாய்க்கு அந்தச் செய்தி நம் குரூப்பிலிருந்து போய்ச் சேரக்கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. என் அக்கா ஒவ்வொரு நாளும் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பவள்.

பிறகும், முன்னாலேயும்

உடல்களைப் பார்த்தவர்களுக்குத் தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, கொழுந்துக்குப் போக மனம் வராது. சாராயம் அதற்கு மருந்தில்லை. 1926 தேசிய மனநல உதவி எண், எந்த நேரமும் எடுக்கலாம். இரண்டு வாரம் போயும் மாறாவிட்டால் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.

இப்போதே செய்துவைக்க வேண்டியவை கொஞ்சம்தான். மேலே சொன்ன எண்களைப் பெரட்டுக்களத்து (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்து) சுவரிலும் பிள்ளை மடுவத்து (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்து) சுவரிலும் பெரிதாக எழுதுங்கள். மைதானத்தில் நின்று மெப்பில் வரும் இரண்டு எண்களையும் தோட்டத்தின் கொம்பனிப் பெயரையும் அதன் கீழேயே எழுதுங்கள். நீளக் கயிறு, கத்தரிக்கோல், நான்கைந்து கம்பளி, ஒரு கொப்பி, பேனை, இரண்டு டோர்ச் ஆகியவற்றை ஒரு சாக்கில் கட்டி டிஸ்பென்சரியில் வையுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பது இரவு வேலைக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மண்சரிவுக்கும் லயத்துத் தீக்கும் அதே சாக்குத்தான்.